போதைப்பொருள் தடுப்புப் போட்டிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மாணவர்களுக்கான போதைப்பொருள் தடுப்புப் போட்டிகள் முடிந்து பரிசுகளும் கொடுத்தாயிற்று. மேடையில் நன்றியுரைக்கு ஒதுக்கியது நான்கு நிமிடம். தலைமை தாங்கியவர், இடம் தந்தவர்கள், சிறப்பு விருந்தினர் என்று வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மாணவர்களை மணிக்குக் கட்டுப்படச் சொல்லிவிட்டு நாங்கள் மீற முடியாதே! விட்டுப்போன பெயர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் செய்தது, ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாத வேலை. அதனால் வெறுமனே நன்றி என்று எழுதாமல், எது எதற்காக நன்றி என்பதையும் எழுதுகிறோம். அடுத்து நடத்தப்போகிறவர்களுக்கும் பயன்படும்.

முதல் நன்றி, விதிமுறை அச்சுக்குப் போகுமுன் “இந்தத் தலைப்பு வேண்டாம்” என்று தடுத்தவர்களுக்கு. முதல் வரைவில் இருந்தது ‘போதையின் கொடுமைகள்’. அப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் ஓவியத்தில் மண்டை ஓடும் ஊசியும் சங்கிலியும் வரும். கட்டுரையில் நோய்களின் பட்டியல் வரும். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் திருத்தி வெளியிட்ட தடுப்புப் பணிக்கான சர்வதேசத் தரநிலைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: பயமுறுத்துவது, தகவலை மட்டும் கொட்டுவது, ஒருவழிச் சொற்பொழிவு, மீண்டுவந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது ஆகியவற்றால் மாணவர்களிடம் பயன் இல்லை, சில வேளை எதிர்விளைவும் உண்டு. பலன் தருவது, மறுக்கவும் முடிவெடுக்கவும் உதவி கேட்கவும் பழக்கும் பயிற்சி. அதன்படி தலைப்புகள் மூன்றாக மாறின: ‘நண்பன் நீட்டும்போது என்ன சொல்வேன்?’, ‘உதவி கேட்டு முதலில் யாரிடம் போவேன்?’, ‘எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மையா?’ மூன்றாவதற்குக் காரணம் உண்டு. தம் வயதினரில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால், உள்ளதைவிடக் கூடுதலாகவே மாணவர்கள் மதிப்பிடுவார்கள். ‘நான் மட்டும்தான் இல்லை’ என்ற அந்தத் தப்புக் கணக்கே சிலரை உள்ளே இழுத்துவிடும்.

தலைப்பு மாறினால் மதிப்பெண் பிரிவும் மாற வேண்டும். கட்டுரைக்கு 100 என்றால், நடைமுறைக்கு ஒத்துவரும் வழி சொன்னதற்கு 30, கருத்தில் பிழை இல்லாததற்கு 30, சொந்தச் சிந்தனைக்கு 20, மொழிக்கு 15, அமைப்புக்கு 5. கையெழுத்துக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு ஐந்து மதிப்பெண்ணாவது வேண்டும் என்று வாதாடிய தமிழாசிரியர்கள் கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கும் நன்றி.

போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்கள், வாரம் ஒரு பாடவேளை தந்த வகுப்பாசிரியர்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நாள் போட்டியால் யாரையும் தடுத்துவிட முடியாது. பலன் கண்ட பள்ளித் திட்டங்கள் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள் நடப்பவை. எங்களுக்குக் கிடைத்தது மூன்றுதான். ஆனாலும் அந்த மூன்றிலும் விரிவுரை வேண்டாம், இரண்டிரண்டு பேராக நின்று ‘வேண்டாம்’ சொல்லிப் பழகட்டும் என்று கேட்டுக்கொண்டோம், அப்படியே செய்தார்கள். “அப்பா திட்டுவார்” என்று நழுவுவது, பேச்சை மாற்றுவது, எழுந்து போய்விடுவது, ஒரே சொல்லைச் சலிக்காமல் திரும்பச் சொல்வது என்று பிள்ளைகள் அங்கே கண்டுபிடித்த வழிகள்தான் பிறகு கட்டுரைகளில் வந்தன.

ஓவியப் பிரிவைக் கவனித்தவர்களுக்கு அடுத்த நன்றி. தாள் ஏ3 அளவு, 297-க்கு 420 மில்லிமீட்டர். மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறிவிடும், நீர்வண்ணம் பட்டால் தாள் நெளியும். அதனால் தடித்த தாள். நூறு பேருக்கு நூற்றுப் பத்து தாள் கணக்கு. முதல் பதினைந்து நிமிடத்தில் கெடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு முறை மட்டும் மாற்றுத் தாள். ஈரம் காயாத படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டும் பாழ். அறைக்கு இரண்டு கயிறு கட்டி, துணி கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டு, அரைமணி நேரம் காய்ந்தபிறகே எடுத்தவர்களின் பொறுமையால்தான் ஒரு படம்கூட வீணாகவில்லை.

ஊசி, தூள், புகை, பொருளின் பெயர் எதுவும் படத்தில் வரக் கூடாது என்பது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. “அப்புறம் எதைத்தான் வரைவது?” என்று கேட்டார்கள். கண்காட்சிக்கு வருகிறவர்களில் விட்டுவிட முயன்றுகொண்டிருப்பவரும் இருக்கலாம். அந்தப் பொருளையோ அதைப் பயன்படுத்தும் கருவியையோ பார்த்தாலே அவருக்கு ஆசை கிளறிவிடும். அதை எடுத்துச் சொன்னபிறகு கேள்வி எழவில்லை. ‘போதை அடிமை’ போன்ற சொற்களையும் வாசகப் போட்டியிலிருந்து இதே யோசனையில்தான் விலக்கினோம். முத்திரை குத்தப்பட்டவர் உதவி கேட்டு வரமாட்டார். இன்னொன்று: படங்களில் எழுதியிருந்த உதவி எண்களை ஒவ்வொன்றாகப் போன் போட்டுச் சரிபார்த்த இரண்டு கல்லூரி மாணவிகள். ஓர் இலக்கம் மாறினாலும் தவித்து அழைப்பவருக்கு யாரோ ஒருவர் வீட்டு மணி அடிக்கும். எண் சரியில்லாத படம் சுவருக்கு ஏறவில்லை.

குறியீட்டு எண் மேசையில் இருந்தவர்கள் அதிகம் திட்டு வாங்கினார்கள். தாளின் மேல் ஓரத்தில் கிழித்தெடுக்கும் சீட்டு; அதில் பெயர், வகுப்பு, பள்ளி. சீட்டிலும் தாளிலும் ஒரே எண்ணைப் பதித்து, சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மதிப்பெண் கூட்டி முடிந்தபிறகுதான் உறையைப் பிரிக்கலாம். இதில் தவறு நடப்பது மூன்று இடத்தில்: ஒரே எண் இரண்டு தாளில் விழுவது, தாளின் பின்பக்கம் மாணவர் பெயர் எழுதிவிடுவது, கட்டுரைக்குள் ‘எங்கள் பள்ளியில்’ என்று பள்ளிப் பெயரே வந்துவிடுவது. முதலாவதைத் தவிர்க்க, எண் பதிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். மற்ற இரண்டுக்கும் ஒட்டுக் காகிதம். பேச்சுப் போட்டிக்கு இது போதாது. சீருடையே பள்ளியைச் சொல்லிவிடும். பேச்சு நடுவர்களைத் தொடர்பில்லாத பள்ளிகளிலிருந்து அழைக்க நேர்ந்தது அதனால்தான். தொலைவிலிருந்து வந்தவர்களுக்குத் தனி நன்றி.

நடுவர்களின் உழைப்பைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு கட்டுரைக்கு ஆறு நிமிடம். 240 கட்டுரை, ஒவ்வொன்றையும் இருவர் படித்தால் 480 முறை வாசிப்பு, மொத்தம் 48 மணி நேரம். ஆளுக்கு நான்கு மணி நேரம் என்றால் பன்னிரண்டு நடுவர்கள் வேண்டும். இதைப் போடாமல் “ஐந்து பேர் போதும்” என்று இறங்குகிற குழுக்கள்தான் கடைசியில் முதல் பக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. இருபது கட்டுரை தாண்டினால் யாருக்கும் கண்ணும் மனமும் களைத்து மதிப்பெண் ஒரு பக்கமாகச் சரியும். ஆகவே, முதலாமவர் ஒன்றிலிருந்து தொடங்கினால் இரண்டாமவர் கட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கடைசியிலிருந்து தொடங்குவார். தொடங்குமுன் எல்லாரும் அதே மூன்று கட்டுரையைத் தனித்தனியே திருத்தி, ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். இருவர் மதிப்பெண்ணுக்கு இடையே 15-க்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாமவர் படிப்பார். நெருங்கிய இரண்டின் சராசரி எடுக்கப்படும். சமநிலை வந்தால் ‘நடைமுறை வழி’ மதிப்பெண் தீர்மானிக்கும். குலுக்கல் கிடையாது. முடிவைப் பற்றி வந்த இரண்டு மனக்குறைகளுக்கும் மதிப்பெண் தாளைக் காட்டியே பதில் சொல்ல முடிந்தது என்றால் அது இவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி, கையொப்பமிட்டுத் தந்ததால்தான்.

நாடகப் பிரிவு எப்போதும் தலைவலி. தள்ளாடிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அரங்கம் கைதட்டும். நடிப்பவனும் அந்தக் கைதட்டலுக்காகவே காட்சியை இழுப்பான். எட்டு நிமிட நாடகத்தில் ஐந்து நிமிடம் தள்ளாட்டம் என்றால் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவதும் அதைத்தான். ‘மயக்கத்தைக் காட்டும் காட்சி ஒரு நிமிடத்துக்கு மிகாமல், மறுப்பதும் மீட்பதும் பாதிக்கு மேல்’ என்ற விதியைக் கையில் கடிகாரத்தோடு காத்தவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். சிரிப்பை நிறுத்துகிற வேலை யாருக்கும் பிடித்ததில்லை. அவர் செய்தார்.

இனி, ஒரு அறையைப் பற்றி. ஓவியக் கூடத்துக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லாத சிறிய அறையில் உளவியல் ஆலோசகர்கள் இருவர் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். கடந்து போனவர்கள் “இவர்களுக்கு என்ன வேலை?” என்று நினைத்திருக்கலாம். இப்படிப்பட்ட தலைப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எழுதச் சொன்னால், சில தாள்கள் போட்டிக் கட்டுரையாக இருக்காது. எழுத்து நடுவில் திடீரென்று மாறும். ‘ஒருவன்’ என்று தொடங்கியது ‘நான்’ ஆகும், அல்லது ‘எங்கள் வீட்டில்’ என்று வரும். அந்த இடத்தில் திருத்துகிற கை நிற்க வேண்டும். நடுவர்களுக்கு நாங்கள் தந்த குறிப்பு இவ்வளவுதான்: மதிப்பெண் போடாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள், தாளைப் பழுப்பு உறையில் வைத்து, எண்ணை மட்டும் மேலே எழுதி, அன்றே ஆலோசகரிடம் கொடுங்கள். அந்தத் தாளின் பெயர்ச் சீட்டை எடுத்துப் பார்க்கும் உரிமை ஆலோசகர் ஒருவருக்கே.

எத்தனை உறைகள் போயின என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நடைமுறையைச் சொல்லலாம். ஆலோசகர் பிள்ளையை வகுப்பிலிருந்து பெயர் சொல்லி அழைப்பதில்லை. சான்றிதழில் பெயர் சரிபார்ப்பதற்கு என்று வரிசையாகப் பலரை அழைக்கும்போது அவரும் வருவார். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பதில்லை. காப்பாற்ற முடியாத வாக்கு அது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். “யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்பதே அங்கு தரும் வாக்கு. பள்ளி நிர்வாகங்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய உறுதியும் ஒன்று உண்டு: தாளில் எழுதியதை வைத்து எந்த மாணவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அதில் தயங்காமல் கையெழுத்திட்ட தலைமையாசிரியர்களுக்குக் கைகூப்பி நன்றி. போதைப்பொருளிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 33-ஆம் பிரிவில். தண்டிப்பதற்கு முன் காப்பது என்று நாங்கள் அதைப் படித்துக்கொள்கிறோம்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு சொல். மது, புகையிலை, மின்சிகரெட், சூதாட்டம் ஆகிய தொழில்களோடு, அவற்றின் பெயரைத் தாங்கிய வேறு பொருள்களோடு தொடர்புள்ள பணம் வேண்டாம் என்பது விதி. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும், 13-ஆம் பிரிவில், புகையிலைத் தொழிலின் நிதியாதரவைத் தடுக்கச் சொல்கிறது. அந்த விதியால் துண்டு விழுந்த தொகையை, பெயர்ப்பலகைகூடக் கேட்காமல், தாளாகவும் வண்ணமாகவும் வண்டி வாடகையாகவும் தந்து நிரப்பினீர்கள். பணமாகத் தராமல் பொருளாகத் தந்தது கணக்கு எழுதுகிறவருக்கும் எளிதாயிற்று.

புகைப்படம் எடுத்த தம்பிகள், பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் ‘கலந்துகொள்ள’, ‘படம் வெளியிட’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியே இருந்ததை மதித்து, பெரும்பாலும் கைகளையும் தாள்களையும் முதுகுகளையுமே எடுத்தார்கள். சான்றிதழில் பெயர் எழுதியவர்கள் அச்சுக்கு முன் பட்டியலை மாணவர்களிடமே காட்டிச் சரிபார்த்தார்கள். அப்படியும் நான்கு பெயர் தவறாகிவிட்டது. மாற்றுச் சான்றிதழ்கள் தயார்.

நாள் குறித்ததில்தான் எங்கள் தவறு. 1987 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த சர்வதேசப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26-ஐ ஒட்டி நடத்த ஆசைப்பட்டு, தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் விட்டோம். கடைசி நேரத்தில் இரண்டு பாடவேளைகளை இடம் மாற்றி உதவிய பள்ளிகளிடம் மன்னிப்பும் நன்றியும்.

பரிசு பெறாத ஓவியங்களை முப்பது நாளுக்குள் பள்ளி மூலம் பெற்றுக்கொள்ளலாம். கட்டுரைத் தாள்கள் அதன்பிறகு கிழித்து அழிக்கப்படும். பழைய பேப்பர் கடைக்குப் போகாது. பேச்சுப் போட்டி அறையில் எங்கள் பட்டியலில் இல்லாத பித்தளை மணி ஒன்று கிடக்கிறது. எங்கள் மணியின் நாக்கு கழன்றுபோனதும் யாரோ ஓடிப்போய் எடுத்துவந்தது. கொண்டுவந்தவர் சொன்னால் நேரில் வந்து கொடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
போட்டி ஒருங்கிணைப்புக் குழு