கானமயிலுக்கு எமனாகும் மின்கம்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் பாலைவன தேசியப் பூங்காதான், உலகில் இன்று எஞ்சியுள்ள கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரும்பறவையின் முதன்மைப் புகலிடம். பதினைந்து கிலோ வரை எடை கூடும் இப்பறவை, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும். அதையும் நாயும் நரியும் தின்றுவிட்டால் அந்த ஆண்டின் இனப்பெருக்கமே வீணாகிவிடக்கூடும்.

ஆனால் வளர்ந்த பறவைகளைக் கொல்வதில் உயர் அழுத்த மின்கம்பிகளே முன்னிற்கின்றன. கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் கானமயிலுக்கு நேரெதிரே தெரியும் பரப்பு மிகக் குறுகியது. கம்பி கண்ணில் படும்போது, அந்தக் கனத்த உடலைத் திருப்ப அவகாசம் இருப்பதில்லை. சம் கிராமத்துக்கு அருகே மாலை வெளிச்சத்தில் நின்று பார்த்தபோது, சற்றுத் தொலைவிலிருந்த கம்பிகள் மனிதனான என் கண்ணுக்கே புலப்படவில்லை.

கம்பிகளை நிலத்தடியில் புதைக்க 2021இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2024இல் அதைத் தளர்த்தி, எங்கெங்கே புதைக்க இயலும் என்று ஆராயும் பொறுப்பை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. இப்பகுதியில் உற்பத்தியாகி இக்கம்பிகள் வழியே செல்லும் சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், செவன் என்னும் பாலைவனப் புல் வளரும் புல்வெளிகளையும், கிராமத்தார் தலைமுறைகளாகக் கோடரி படாமல் காத்துவரும் ஓரண் எனப்படும் கோயில் காடுகளையும் 'தரிசு' எனப் பதிவேட்டில் எழுதி, சூரிய மின் திட்டங்களுக்கு ஒதுக்குவது பெரும் பிழை. சம், ராம்தேவ்ரா ஆகிய ஊர்களிலுள்ள கானமயில் இனப்பெருக்க மையங்களில் பொரிக்கும் குஞ்சுகளை நாளை விடுவிக்கப் புல்வெளி வேண்டும். முதற்கட்டமாக, பறவைகள் அன்றாடம் கடக்கும் தடங்களிலுள்ள கம்பிகளையேனும் அரசு உடனே புதைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.