சாவுச் சேதி சொல்றவங்களுக்கும் ஷிஃப்ட்டு போடுங்க

சேலம் சுத்துவட்டாரத்துல மில்லு நடத்தற முதலாளிங்களுக்கும் எச்ஆர் மேனேஜர்களுக்கும்,

வணக்கமுங்க. நான் 11 வருசமா ஸ்பின்னிங் மில்லுல வெல்ஃபேர் வேலை பாக்கறேன், தொழிலாளிங்களுக்கு அடிபட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடறது, அவங்க குடும்பத்த பாத்துக்கறது எல்லாம் என் வேலைதான். எந்த மில்லுன்னு இங்க சொல்லல, ஏன்னா அடுத்தவங்க வலியப் பாத்துப் பாத்து எங்க மனசு மரத்துப் போறது ஒரு மில்லு சமாச்சாரம் இல்லைங்க, ஓமலூர் பக்கம், ஆத்தூர் பக்கம், சங்ககிரி பக்கம்னு என்னை மாதிரி வேலை பாக்கறவங்க யாருகிட்ட பேசினாலும் இதே கதைதான் சொல்றாங்க. யாராவது ஒருத்தர் உங்க காதுல போட்டாகணும்னுதான் எழுதறேன்.

போன வருசம் ஒரு ஹாஃப் நைட் ஷிஃப்ட்டுல கார்டிங் மெஷின்ல ஒரு பையனுக்கு வலது கை மாட்டி 3 விரல் போயிருச்சு. ஜிஎச்சுல அவங்கம்மா என் தோள்ல சாஞ்சு அழுதுட்டு இருக்காங்க, நான் ஒரு கையால அவங்க முதுக தடவிக்கிட்டே இன்னொரு கையில இருக்கற இஎஸ்ஐ கார்ட பாத்து அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருக்கேன்னு யோசிக்கறேன். ஆதார் ஜெராக்ஸ் இருக்காம்மான்னு கேட்டுட்டேன். அந்தம்மா அழுகைய நிறுத்தி என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. மொத மொதல்ல இந்த வேலைக்கு வந்தப்ப இதே மாதிரி ஒரு கேசுக்கு நான் 2 நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்தவ. இப்ப நேரா வீட்டுக்குப் போனேன், ரசம் ஊத்தி சாப்பிட்டேன், என் பொண்ணு சைக்கிள்ல விழுந்து முட்டியெல்லாம் ரத்தமா வந்து நிக்கறா, போயி கழுவிட்டு வான்னு சொல்லிட்டு டிவிய பாத்தேன். அவ அழவே இல்ல, பேசாம உள்ள போயிட்டா. அதுதான் என்னைக் கொன்னுருச்சு.

அப்புறம்தான் மனநலப் பிரிவுல ஓபி சீட்டு வாங்கி ஒரு டாக்டரம்மாவ பாத்தேன். எனக்கு ஈரமே இல்லாம போயிருச்சுங்களா மேடம்னு கேட்டேன். இல்லம்மா, ஈரம் இருக்கறவங்களுக்குத்தான் இது வரும், இதுக்கு கம்பாஷன் ஃபெட்டீக்னு பேரு, பரிவுச் சோர்வுன்னு வெச்சுக்கங்கன்னாங்க. 1992லயே அமெரிக்காவுல நர்சுங்கள பத்தி எழுதறப்ப கார்லா ஜாய்ன்சன்னு ஒருத்தங்க இந்த வார்த்தைய சொல்லியிருக்காங்க, 1995ல சார்லஸ் ஃபிக்லிங்கற சைக்காலஜிஸ்ட் இத விரிவா எழுதியிருக்காரு. பர்ன்-அவுட்டுன்னு எல்லாரும் சொல்றோமே, அது வேலை பாரத்துல கொஞ்சம் கொஞ்சமா வர்றது. இது அடுத்தவங்க வலிய வாங்கி வாங்கி வர்றது, சில சமயம் திடீர்னு வந்துருமாம். தூக்கம் போயிரும், பாக்காத ஆக்சிடென்ட் கூட கண்ணு முன்னாடி ஓடும், இல்லைன்னா என்னை மாதிரி ஒன்னுமே உறைக்காது. வேலை நிமித்தமா இந்த மாதிரி கொடூரத்த திரும்பத் திரும்ப எதிர்கொள்றவங்களுக்கு பிடிஎஸ்டியே, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநோயே வரலாம்னு 2013ல அமெரிக்க மனநல டாக்டருங்க கையேட்டுல சேத்துட்டாங்க. எங்க ஃபிட்டர் அண்ணன்கிட்ட இத சொன்னப்ப, ஷாஃப்ட்டும் அப்படித்தாம்மா, பெரிய லோடுல ஒடையறது கம்மி, சின்ன லோடு லட்சம் தடவ வந்து வந்து உள்ளுக்குள்ள கீறல் உட்டு ஒரு நாள் டக்குனு போயிரும், வெளிய இருந்து பாத்தா பளபளன்னுதான் இருக்கும்னாரு.

ஆனா இந்த மடல எழுத வெச்சது நான் இல்லைங்க, ஒரு தம்பி. ஒடிசா பையன், 23 வயசு, நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் மெஷின்ல வேலை பாக்கறான். ஹாஸ்டல்ல இருந்து இருந்து தமிழ் நல்லா வந்துருச்சு, அதுவே அவனுக்கு வெனையாப் போச்சு. வடக்கத்தி பசங்க யாருக்கு என்ன ஆனாலும் அவனத்தான் மெஷின்ல இருந்து கூப்பிடறோம். 2 வருசத்துல 3 சாவு, ஒன்னு மில்லுக்குள்ள, ரெண்டு ஷிஃப்ட்டுக்கு வர்ற வழியில பைபாஸ்ல. மூணு வீட்டுக்கும் ஃபோன் போட்டு சொன்னது அவன்தான். மொத தடவ அந்த அப்பா கேட்டிருக்காரு, நீ உன் கண்ணால பாத்தியா, நெசமா என் பையன்தானான்னு. இவன் பாக்கல. அவரு நம்பல, திரும்பத் திரும்ப அதையே கேட்டாரு. அதனால அடுத்த ரெண்டு தடவையும் ஃபோன் பண்றதுக்கு முன்னாடி இவனே மார்ச்சுவரிக்குள்ள போயி முகத்த பாத்துட்டு வந்துதான் பேசினான். யாரும் போகச் சொல்லல. பாத்தேன்னு பொய் சொல்ல மனசு வரலக்கான்னு சொன்னான். அன்னிக்கே மிச்ச ஷிஃப்ட்டுக்கு அவன திரும்ப மெஷினுக்கு அனுப்பினோம். நாங்கதான் அனுப்பினோம், நானும் அதுல ஒருத்தி.

அப்புறம் ஃபோன ஆஃப் பண்ணி வெக்க ஆரம்பிச்சான். எல்லாரும் வேண்டாம்னு ஓடற நைட் ஷிஃப்ட்ட கேட்டு வாங்கினான், பகல்ல தூங்கிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்களாம். ஒரு நாள் வார்டன் நம்பருக்கு ஒடியாவுல ஒரு கால் வந்திருக்கு, வார்டனுக்கு ஒன்னும் புரியல, வழக்கம் போல அவன எழுப்பி இந்தா என்னன்னு கேளுன்னு ஃபோன நீட்டியிருக்காரு. அவன் கைய நீட்டவே இல்லியாம், செவுத்தோட ஒட்டி நின்னுட்டான். ஸ்பீக்கர்ல போட்டப்பதான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் அழுதது அவனோட சொந்த அம்மா. 9 நாளா ஃபோன் போகல, எம்புள்ள உசுரோட இருக்கானான்னு கேக்கறாங்க.

ஸ்ட்ரெஸ் குறையட்டும்னு வருசத்துக்கு ஒருக்கா ஏற்காடு கூட்டிட்டுப் போறீங்க, 20 கொண்டை ஊசி வளைவு, ஏரிக்கரை, பிரியாணி, குரூப் ஃபோட்டோ. நல்ல மனசோட செய்யறதுதான், நான் குறை சொல்லல. ஆனா அந்தத் தம்பி அன்னிக்கு பஸ்ஸ விட்டே எறங்கல. ஒரு நாள் குளுகுளுன்னு இருந்துட்டு வந்து மறுநாளே மார்ச்சுவரி வாசல்ல தனியா நிக்க விட்டா அந்தக் காத்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?

விரல் போனா அதுக்கு ரிப்போர்ட் இருக்கு, இஎஸ்ஐயில வேலைக்கு வர முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் வருது. 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்டுல 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேரு இருந்தா ஆம்புலன்ஸ் ரூமு, வெல்ஃபேர் ஆஃபீசர்னு கணக்கெல்லாம் போட்டு எழுதி வெச்சாங்க. அந்த வெல்ஃபேர் ஆஃபீசருக்கு யாருன்னுதான் எங்கயும் இல்ல. வார்டனுக்கு, முதலுதவி பண்ற சூப்பர்வைசருக்கு, ரத்தத்த கழுவி விடற அக்காவுக்கு, ஃபோன்ல மொழிபெயர்க்கற பையனுக்கு, யாருக்குமே இல்ல.

நான் கேக்கறது பெரிய செலவு இல்லைங்க. ஆஸ்பத்திரிக்கோ மார்ச்சுவரிக்கோ ஒருத்தர மட்டும் அனுப்பாதீங்க, எப்பவும் ரெண்டு பேரு. ஒரே ஆளையே திரும்பத் திரும்ப அனுப்பாம பேரு மாத்தி மாத்தி லிஸ்ட்டு போடுங்க, மெஷினுக்கு ஷிஃப்ட்டு போடறோம்ல, அந்த மாதிரி. சாவு கேசு பாத்துட்டு வந்தவங்களுக்கு சிஎல்லுல கழிக்காம 2 நாளு லீவு. அவங்க பேச வந்தா கேக்கறதுக்கு வெளிய இருந்து ஒரு கவுன்சிலர மாசம் ஒருக்கா வரவைங்க, மில்லு ஆளா இருந்தா வாயத் தொறக்க மாட்டாங்க. அதுவரைக்கும் 14416ங்கற டெலி மானஸ் மனநல உதவி நம்பர நோட்டீஸ் போர்டுல தமிழ்லயும் இந்தியிலயும் ஒடியாவுலயும் எழுதி ஒட்டுங்க, மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் காசில்லாம பேசலாம். அப்புறம் மொழி தெரியுங்கற ஒரே காரணத்துக்காக ஒரு தொழிலாளிய இந்த வேலைக்கு இழுக்காதீங்க, அவசரத்துக்கு இழுத்தே ஆகணும்னா வருவியாப்பான்னு கேளுங்க, முடியாதுன்னா விட்டுருங்க.

அந்தத் தம்பி இப்ப 15 நாளு லீவு கேட்டு எழுதிக் குடுத்திருக்கான், தன்பாத் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போறானாம். ஃபார்ம்ல காரணம்னு இருக்கற எடத்துல ஒன்னும் எழுதாம வெத்தா விட்டுட்டான். என்னடா எழுதலன்னு கேட்டேன், என்ன எழுதறதுன்னு தெரியலக்கான்னான். நான்தான் பேனா வாங்கி "வேலையில் ஏற்பட்ட பாதிப்பு"ன்னு எழுதி மேல அனுப்பியிருக்கேன். உங்கள்ல யாரு டேபிளுக்கு இந்த மாதிரி ஃபார்ம் வந்தாலும் கூப்பிட்டு கேள்வி கேக்காம கையெழுத்து போடுங்க.

இப்படிக்கு,
சேலத்துல ஒரு மில்லுல வெல்ஃபேர் வேலை பாக்கற ஒருத்தி