ஏழு நாள் நடுங்கிய ஊர்: கப்பலில் இருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஒரே நிலநடுக்கத்தில் பாரசீகத் துறைமுகம் ஒன்று மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று ஒருவர் தொண்டை கிழியப் பேசுகிறார்; பின்னால் இடி முழக்கம் வேறு. கீழே நீ ஒரு வரி போட்டிருந்தாய்: "மாமா, இது நெசமா? நாங்க இந்தக் கடல்லதான் போய்க்கிட்டு இருக்கோம்."

ஊர் நிஜம். நிலநடுக்கமும் நிஜம். அந்த நிலநடுக்கம்தான் ஊரைக் கொன்றது என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும். அதனால் உன் கூட்டாளிகளும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

ஊரின் பெயர் சீராஃப். ஈரானின் புஷேர் நகரிலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போனால் வரும். ஒரு பக்கம் சாக்ரோஸ் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நாடா மாதிரி ஒடுங்கிய நிலம். பல நூற்றாண்டுகளாக அது ஒரு மீன்பிடிக் கிராமம். பெயர்கூட மாறி பந்தர் தாஹிரி என்று ஆகியிருந்தது. அண்மையில்தான் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

10ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தக்ரி என்ற நிலநூலாசிரியர் இந்த ஊரைப் பற்றி எழுதும்போது, மாகாணத் தலைநகரான ஷீராஸுக்குக் கிட்டத்தட்ட ஈடு என்கிறார். மாடி மேல் மாடியாக வீடுகள். மரமெல்லாம் தேக்கும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கட்டைகளும். அந்தப் பகுதியில் தேக்கு ஏது? இந்தியாவிலிருந்து கடலில் போனதுதான். ஒரு வணிகர் தன் வீட்டுக்கு மட்டும் 30,000 தீனார், அதாவது பொற்காசு, செலவழித்தாராம். இவ்வளவு காசு புழங்கிய ஊரில் தோட்டம் கிடையாது. பழமும் குடிநீரும் ஜம் மலைப்பக்கத்திலிருந்து வரவேண்டும். வெயிலைச் சொல்லவே வேண்டாம். நீ டெக்கில் நிற்கிறவன், உனக்கே தெரியும்.

இதே இஸ்தக்ரி கேள்விப்பட்டு எழுதிய ஒரு ஆளை உனக்குக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும். சீராஃப் மாலுமி ஒருவர், ஏறக்குறைய 40 ஆண்டு கப்பலை விட்டு இறங்கவே இல்லை. துறைமுகம் வந்தால் கூட்டாளியை அனுப்பிக் காரியத்தை முடித்துக்கொள்வார். கப்பல் பழுதானால் அடுத்த கப்பலுக்கு மாறிக்கொள்வார், அவ்வளவுதான். நீ நாலாவது மாதமே "எப்ப சைன் ஆஃப்" என்று காலண்டரைக் கிழிக்கிறாய். அந்த மனுஷனுக்கு வீட்டில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று இஸ்தக்ரி ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த ஆண்பிள்ளைகள் எழுதும் பயண நூல்களில் எனக்கு இது எப்போதும் ஒரு மனக்குறை.

தண்ணீர்கூட இல்லாத இடத்தில் எதற்கு ஊர்? தூத்துக்குடிக்காரனுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டாம். நம் ஊரில் 1974-இல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன், பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நிற்கும். உன் தாத்தா காலத்துத் தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில், ஈராக்கின் பஸ்ரா பக்கமும் அதே கதைதான்: அலை அதிகம், இடையிடையே ஆழமும் குறைவு. பஸ்ராவிலிருந்தும் ஓமானிலிருந்தும் சரக்கு சீராஃபுக்கு வரும். சீனா போகிற பெரிய கப்பலில் அங்கேதான் ஏற்றுவார்கள். இதை 851-இல் எழுதப்பட்ட ஓர் அரபு நூல் சொல்கிறது. அடுத்த துறையும் அதில் இருக்கிறது: மஸ்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, காற்று சுமாராக இருந்தால் ஒரு மாதத்தில் கூலம். நம் கொல்லம்தான். அங்கே சீனக் கப்பலுக்கு 1,000 திர்ஹம், அதாவது வெள்ளிக்காசு, வரி. மற்றவற்றுக்கு ஒரு தீனாரிலிருந்து பத்து தீனார் வரை.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 849-இல், அதே கொல்லத்தில் ஒரு செப்பேடு வெட்டப்பட்டது. தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பார்கள். எழுத்து நம் வட்டெழுத்து. சாட்சிகளின் கையெழுத்தைப் பார், கூஃபி என்ற பழைய அரபு எழுத்து, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து, எபிரேய எழுத்தில் பாரசீகம் என்று மூன்று விதம். கடல் தாண்டி வந்தவர்கள் கொல்லத்தில் உட்கார்ந்து சாட்சி போடுகிற அளவுக்கு ஊரோடு ஒட்டியிருக்கிறார்கள்.

நம்மவர்களும் சீராஃபுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் அபூ ஸைத், முன்சொன்ன நூலுக்கு 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தொடர்ச்சி எழுதினார். அதில் ஒரு விருந்து வருகிறது. சீராஃபின் பெரிய வணிகர் ஒருவர் இந்திய வணிகர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வந்தவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொள். அங்கத்திய வழக்கம் ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கைபோட்டுச் சாப்பிடுவது. இவர்களோ ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார்கள், அது பெரிய அசிங்கம். ஆகவே நூறு பேருக்கு நூறு தட்டு! இவர்கள் நாட்டில் அரசர்களுக்கும் பெரியவர்களுக்கும் தினம் தென்னோலையில் பின்னிய தட்டில் சாப்பாடு, முடிந்ததும் மிச்சத்தோடு தண்ணீரில் போட்டுவிடுவார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். கேலி தொனியில்லை, விருந்து வைத்தவரின் பாத்திரக் கவலை மட்டும் எனக்குக் கேட்கிறது.

உன் தொழில் சம்பந்தமாக ஒன்று: சீராஃப் கப்பல்களில் ஆணி கிடையாது. பலகையைத் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பார்கள். மத்தியதரைக் கடலில் அப்படித் தைத்த பலகைகள் ஒதுங்கியதைக் கேள்விப்பட்ட அபூ ஸைத், சிரியாக்காரனும் ரோமானியனும் ஆணி அடிப்பவர்கள், தைப்பது நாங்கள்; அப்படியானால் அந்தக் கடலும் எங்கள் கடலும் எங்கோ சேர்கின்றன என்று கணக்குப் போடுகிறார். துப்பறிகிற மூளை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

நிலநடுக்கத்தைப் பற்றி எழுதியவர் முகத்தஸி, அதே 10ஆம் நூற்றாண்டின் இன்னொரு நிலநூலாசிரியர். 976 அல்லது 977, ஏழு நாள் நிலம் ஆடியது, சனம் கடலுக்கு ஓடியது, பெரும்பாலான வீடுகள் விழுந்தன என்கிறார். உன் வீடியோக்காரர் இதோடு புத்தகத்தை மூடிவிட்டார். முகத்தஸி மூடவில்லை. பாரசீகத்தைப் பிடித்த பூயி வம்சத்தின் ஆட்சி வந்ததுமே ஆட்கள் ஊரைவிட்டு எதிர்க்கரை ஓமானின் சுஹாருக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள், அதற்குப் பின்னால்தான் நிலம் ஆடியது என்பது அவர் சொல்லும் வரிசை. விழுந்த வீடுகளை மறுபடி கட்டத் தொடங்கியதையும் சொல்கிறார். செத்த ஊரில் யார் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள்?

வேறு அடிகள் ஓசையில்லாமல் விழுந்தன. சீனாவின் கான்ஃபுவில், அதாவது இன்றைய குவாங்சோவில், 879 வாக்கில் கலகக்காரர்கள் புகுந்து வெளிநாட்டு வணிகர்களை வெட்டித் தள்ளினார்கள். இதையும் நமக்குச் சொல்பவர் அபூ ஸைத்தான். 969-இல் வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஃபாத்திமியர் வம்சம் எகிப்தைப் பிடித்தபின், இந்தியச் சரக்கு மெல்ல மெல்லச் செங்கடல் வழியாகத் திரும்பியது. அப்புறம் அதே வளைகுடாவில் இருக்கும் கீஷ் தீவின் தலைவர்கள் கடலில் கை ஓங்கி, சீராஃபுக்கு வரவேண்டிய கப்பல்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம். கப்பல் வராவிட்டால், மலையிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறவனுக்குக் கூலி யார் கொடுப்பது?

ஊர் மெலிந்தது, ஊர்க்காரர்கள் மெலியவில்லை. நிலநடுக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து ராமிஷ்த் என்ற சீராஃப் வணிகர் வருகிறார். 1135-இல் கீஷ்காரர்கள் யேமனின் ஏடன் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது, ராமிஷ்தின் இரண்டு பெரிய கப்பல்கள் வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. மக்காவில் கஅபாவின் வெள்ளித் தண்ணீர்த் தூம்பை எடுத்துவிட்டுத் தங்கத்தில் போட்டுக் கொடுத்தவர் அவர். கஅபாவுக்கே விலையுயர்ந்த துணியால் போர்வை போர்த்தினார். சொந்த ஊர்த் துறை வெறிச்சோடிக் கிடக்க, ஊர்ப்பெயரோடு உலகம் சுற்றிய கோடீஸ்வரர்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாகூத் என்ற நிலநூலாசிரியர் போய்ப் பார்த்தபோது எஞ்சியிருந்தது ஏழை சனம், தேக்குத் தூண் நின்ற அழகிய பள்ளிவாசல், இடிபாடு. அவ்வளவே.

1966 முதல் 1973 வரை டேவிட் வைட்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். 9ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய பள்ளிவாசல், அதன் அடியில் இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக அரசர்களான சாசானியர் காலத்துக் கோட்டை, கடலோரம் கடைத்தெரு, குயவர் பகுதி, முற்றம் வைத்த வீடுகள், சீனப் பீங்கான் ஓடுகள் என்று வரிசையாக வெளிவந்தன. மலைப்பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாறையைத் தொட்டி தொட்டியாக வெட்டிய குழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கல்லறைகள் என்று ஒரு கட்சி, மழைநீர் பிடிக்க என்று இன்னொரு கட்சி. நான் கல்லறைக் கட்சி. ஆள் நீளத்துக்கு அளந்து வெட்டியிருக்கிறது, வேறென்ன? ஆனால் பக்கத்திலேயே பாறையைக் குடைந்து இறக்கிய ஆழக் கிணறுகளைப் படத்தில் பார்த்தால், இவர்கள் தண்ணீருக்குப் பட்ட பாடு புரிகிறது.

இப்போது அந்த ஊருக்கு ஒரு பக்கம் கங்கான், மறுபக்கம் அசலூயே. உலகின் மிகப் பெரிய எரிவாயு வயலின் கரைப்பக்கத் தொழிற்சாலைகள் அங்கேதான். இரவில் வடக்கே வானம் ஆரஞ்சாக இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. இடையில் இருட்டாகத் தெரிகிற துண்டு சீராஃபாக இருக்கலாம்.

ஊர்ப்பெயருக்கு யாகூத் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். பழைய பாரசீக அரசன் கய்காவூஸ் வானத்துக்குப் பறக்க முயன்று, இந்தக் கரையில் விழுந்தானாம். விழுந்தவன் கேட்டது பாலும் தண்ணீரும். பாரசீகத்தில் ஷீர் என்றால் பால், ஆப் என்றால் தண்ணீர். ஷீராப் என்பது அரபு நாக்கில் சீராஃப் ஆனதாம். மொழிநூல்காரர்கள் ஒப்பமாட்டார்கள். எனக்கு என்னவோ, தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்த ஊர்க்காரன் ஒருவன் ஏக்கத்தில் கட்டிய கதை மாதிரித்தான் படுகிறது.

அக்கா உன் போனுக்காக மூன்று நாளாகக் காத்திருக்கிறாள். முதலில் அவளிடம் பேசு.

உன் மாமா