தம்பிக்கு, டிக்கன்ஸோட அம்மாவப் பத்தி

தம்பி,

நல்லாருக்கியா. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்னு மூணு தடவ ஆரம்பிச்சேன், ரெண்டு நிமிஷத்துல தொண்ட அடைச்சுக்குது, அழிச்சுட்டேன். அதான் டைப் பண்றேன். பெருசாத்தான் வரும். ட்ரெயின்ல போறப்ப படி, ஆபீஸ்ல உக்காந்து படிக்காத.

போன வாரம் லண்டன்ல பரோ மார்க்கெட்ல நின்னு ஒரு போட்டோ போட்டேல்ல, கைல ஏதோ சீஸ் வச்சுக்கிட்டு. அங்கருந்து பத்து நிமிஷம் நடந்தா செயின்ட் ஜார்ஜ் சர்ச் வரும், அத ஒட்டி ஒரு சந்து, சந்தோட ஒரு பக்கம் ஒசரமா பழைய செங்கல் சுவரு. மார்ஷல்சீன்னு ஒரு கடன்காரங்க ஜெயில் இருந்துச்சு, 1842ல மூடிட்டாங்க, மிச்சம் நிக்கிறது அந்தச் சுவருதான். ஒனக்கு அத காமிக்கணும்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா விஷயம் சுவரு இல்ல.

நீ வாங்கிக் குடுத்த டேப்ல இப்ப ராத்திரியெல்லாம் படிக்கிறேன், தூக்கம் வர மாட்டேங்குது. பி.ஏ. படிக்கிறப்ப டிக்கன்ஸ் எழுதுன டேவிட் காப்பர்ஃபீல்ட் நாவல் எங்களுக்கு நான்-டீடெய்ல், சுருக்கி நூறு பக்கத்துல அடிச்ச புக்கு, கைடு வாங்கி மனப்பாடம் பண்ணி பாஸ் ஆனேன். அதுல வர்ற மிக்காபர் கேரக்டர் மட்டும் நெனப்பு இருந்துச்சு, எப்பவும் கடன், எப்பவும் "ஏதாச்சும் ஒண்ணு வந்து சேரும்"னு சொல்லிக்கிட்டு திரிவாரே. இப்ப டிக்கன்ஸோட ஃப்ரெண்டு ஃபார்ஸ்டர் எழுதுன வாழ்க்கை வரலாறு ஃப்ரீயா கெடச்சுது, படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது அத்தியாயத்துலயே நின்னுட்டேன். நாலு நாளு அதத்தாண்டி போக முடியல.

மிக்காபர் யாருன்னா டிக்கன்ஸோட அப்பா ஜான்தான். கப்பற்படை சம்பள ஆபீஸ்ல கிளார்க்கு. நல்ல மனுஷன், பேச்சு பிரமாதம், சம்பளத்துக்கு மேல செலவு. எட்டு புள்ளைங்க பொறந்துச்சு அந்த வீட்டுல, சார்லஸ் ரெண்டாவது. லண்டனுக்கு வந்ததும் கடன் கழுத்துக்கு வந்துருச்சு. அந்த அம்மா எலிசபெத் என்ன பண்ணாங்கன்னா வீட்டு வாசல்ல பித்தள போர்டு மாட்டி ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. ஒரு புள்ள கூட வந்து சேரல. அத படிச்சு சிரிச்சுட்டேன், அப்பறம் நம்ம வீட்டு கேட்ல நான் கட்டித் தொங்கவிட்ட டியூஷன் போர்டு ஞாபகம் வந்துச்சு. எனக்காச்சும் மூணு பேரு வந்தாங்க, அதுல ஒருத்தன்தான் ஃபீஸ் குடுத்தான்.

அப்பறம் சாமான அடகு வைக்கிற படலம். அந்தப் பையனத்தான் கடைக்கு அனுப்புவாங்க. மொதல்ல போனது அவனோட புக்கு. யோசிச்சுப் பாரு, அந்த வீட்டுல அந்தப் புக்கயெல்லாம் படிச்ச ஒரே ஆளு அவன், வித்துட்டு வர்றதும் அவனே.

1824 ஃபிப்ரவரி. பையனுக்கு பன்னெண்டு முடிஞ்சு ரெண்டு மூணு நாள்தான். சொந்தக்காரர் ஒருத்தர், தேம்ஸ் ஆத்தங்கரைல ஷூ பாலிஷ் தயாரிக்கிற எடத்துல மேனேஜரா இருந்தாரு, வாரத்துக்கு ஆறோ ஏழோ ஷில்லிங் தர்றேன், அனுப்புங்கன்னாரு. அப்பாவும் அம்மாவும் சரின்னுட்டாங்க. ரொம்ப சந்தோஷமா சரின்னாங்களாம், டிக்கன்ஸே பின்னாடி ஒரு குறிப்புல எழுதிருக்காரு, அத ஃபார்ஸ்டர் தன் புக்குல போட்டிருக்காரு, நான் பரிட்சைல மார்க் வாங்கி பெரிய யுனிவர்சிட்டிக்குப் போனா கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாங்கன்னு. இடிஞ்சு விழுற பழைய கட்டடம், கீழ நெலவறைல எலி ஓடுற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். இவன் வேலை என்னன்னா, பாலிஷ் பானை வாய மொதல்ல எண்ணெய்த் தாளால மூடணும், அதுக்கு மேல நீலத் தாளு, சுத்திக் கயிறு கட்டணும், ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்குற தாள வட்டமா கத்தரிக்கணும், மருந்துக்கடை டப்பா மாதிரி நீட்டா வரணும், அப்பறம் லேபிள் ஒட்டணும். கயித்துல முடிச்சு போட கத்துக் குடுத்தது பாப் ஃபேகின்னு ஒரு பையன். ஒரு நாளு இவனுக்கு வயித்துப் பக்கம் வலி எடுத்து உருண்டப்ப அந்த பாப்தான் காலி பாட்டில்ல சுடு தண்ணி ஊத்தி அரைநாள் ஒத்தடம் குடுத்தான். அந்த பேரத்தான் பின்னாடி ஆலிவர் ட்விஸ்ட்ல திருட்டுப் பசங்கள வளக்குற கெழவனுக்கு வச்சாரு. நல்லது பண்ணவன் பேரு வில்லனுக்கு! எனக்கு அது மொதல்ல புரியல. பாவம் அந்த பாப் மேல கோவம் இல்ல, அந்த எடத்து மேல உள்ள கோவம் அது, இப்ப புரியுது.

வேலைக்குச் சேந்த ரெண்டு வாரத்துக்குள்ள அப்பாவ புடிச்சுட்டாங்க. ஒரு பேக்கரிக்காரருக்கு நாப்பது பவுண்டு சொச்சம் பாக்கி. அந்தக் காலத்து லண்டன்ல கடன் திருப்பித் தரலன்னா ஜெயிலு, குடுக்குற வரைக்கும் உள்ள. உள்ள இருந்தா எப்புடி சம்பாரிச்சு குடுப்பான்னு யாரும் கேக்கல போல. பொண்டாட்டி புள்ளைங்களும் கூட உள்ளயே குடியிருக்கலாம், வெளிய போயிட்டு வரலாம், ராத்திரி கேட்ட பூட்டுவாங்க. அந்த அம்மா சின்னப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. சார்லஸ் மட்டும் வெளிய, தனியா, மொதல்ல கேம்டன் டவுன்ல ஒரு அம்மா வீட்டுல, அப்பறம் ஜெயிலுக்குப் பக்கத்துல லான்ட் ஸ்ட்ரீட்ல ஒரு மாடி ரூம்ல. (அந்த தெருவும் இன்னும் இருக்கு, சுவருலேர்ந்து ரொம்ப பக்கம்.) அக்கா ஃபேனி மியூசிக் அகாடமில ஃபீஸ் கட்டி படிச்சுக்கிட்டு இருக்கா, இவன் பானைக்கு தாளு கட்டுறான். அக்கா பிரைஸ் வாங்குறத போயி பாத்தப்ப அழுதிருக்கான், அன்னைக்கி ராத்திரி படுக்கப் போறப்ப இதுலேர்ந்து காப்பாத்துன்னு சாமிய வேண்டிருக்கான்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. வலி வந்த அன்னைக்கி பாப் இவன வீட்டுல விட்டுட்டுத்தான் போவேன்னு கூடவே வந்துட்டான். அப்பா ஜெயில்ல இருக்காருன்னு எப்புடி சொல்றது. சதக் பாலத்துக்கிட்ட ஏதோ ஒரு வீட்டுப் படில நின்னு, இதான் எங்க வீடு, நீ போன்னு கை குடுத்து அனுப்பிட்டு, அவன் திரும்பிப் பாத்தா நம்பணுமேன்னு அந்த வீட்டுக் கதவையும் தட்டி, தொறந்தவங்ககிட்ட ராபர்ட் ஃபேகின் வீடு இதானான்னு கேட்டானாம். பன்னெண்டு வயசுல என்ன ஒரு ரோஷம் பாரு.

அந்த வருஷம் மே மாசக் கடைசில அப்பா வெளிய வந்துட்டாரு. ஆனா பையன் வேலை நிக்கல, தொடர்ந்து போயிக்கிட்டே இருந்தான். கம்பெனி வேற தெருவுக்கு மாறிருச்சு, அங்க வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உக்கார வச்சு வேலை வாங்குனாங்க, தெருவுல போறவங்க நின்னு வேடிக்க பாப்பாங்க, இவன் கை அவ்வளவு வேகம். ஒரு நாளு அப்பாவே வந்து நின்னாரு. அப்பறம் அப்பாவுக்கும் அந்த சொந்தக்காரருக்கும் லெட்டர்ல சண்ட, பையன வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. மறுநாளே அம்மா போயி சமாதானம் பேசி, அனுப்பி வைங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. அப்பா ஒரே முடிவா, இவன் இனிமே அங்க போக வேணாம், ஸ்கூலுக்குப் போகட்டும்னாரு. போனான்.

அந்தக் குறிப்ப எழுதுறப்ப டிக்கன்ஸுக்கு முப்பத்தஞ்சு வயசுக்கிட்ட, லோகமே கொண்டாடுற ஆளு. வெறுப்பாவோ கோவமாவோ இத எழுதலன்னு சொல்றாரு. அதே வரில, "ஆனா அதுக்கப்பறம் நான் மறந்ததே இல்ல, மறக்கவும் மாட்டேன், மறக்கவும் முடியாது, என்னைய திரும்ப அனுப்பணும்னு அம்மா அவ்வளவு துடிச்சாங்கங்கிறத."

இங்கதான் நின்னேன் நான்.

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு தம்பி, அவர் மேல. கடன வாங்குனது யாரு? அப்பா. ஜெயிலுக்குப் போனது யாரு? அப்பா. அவரு மிக்காபர் ஆகி எல்லாரும் சிரிச்சு சிரிச்சு நேசிக்கிற ஆளா ஆயிட்டாரு. இந்த அம்மா? நிக்கலஸ் நிக்கில்பின்னு ஒரு நாவல், அதுல லொடலொடன்னு பேசிக்கிட்டே இருக்குற ஒரு முட்டாள் அம்மா வருவா, அது இவங்கள வச்சுத்தான். அத படிச்சுட்டு இவங்களே மகன்கிட்ட, இப்படி ஒரு பொம்பள இருப்பான்னு நெசமாவே நம்புறியான்னு கேட்டாங்களாம். தெரிஞ்சு கேட்டாங்களா தெரியாம கேட்டாங்களா, எனக்கென்னமோ தெரிஞ்சுதான்னு தோணுது. அதே மகனுக்கு எழுத்தக் கத்துக் குடுத்தது அந்த அம்மாதான், தெனமும் உக்கார வச்சு, கொஞ்சம் லத்தீன் கூட. அதையும் அவரே ஃபார்ஸ்டர்கிட்ட சொல்லிருக்காரு. வீட்டுல அரிசி எத்தன படி இருக்குன்னு தெரிஞ்சவ அம்மா. வார வாரம் வர்ற ஏழு ஷில்லிங் நின்னு போச்சுன்னா என்ன ஆகும்னு கணக்கு போடுறவ அவதான். பெருந்தன்மையா "போதும், படிக்கட்டும்"னு சொல்றது அப்பாக்களுக்கு லேசு.

இவ்வளவும் கோவமா மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தப்பதான் நான் யாருக்காகப் பேசுறேன்னு எனக்கே வெளங்குச்சு.

நீ ஏழாவது முடிச்ச வருஷம். அப்பா நூல் கமிஷன்ல மாட்டிக்கிட்டு, பகல்லயே வீட்டுக் கதவச் சாத்தி வச்சிருந்தோமே. ஒன்னைய அந்த இரும்புக் கடைல விட்டோம். லீவுக்கு மட்டும்னு சொல்லித்தான் விட்டோம், ஸ்கூல் தொறந்துச்சு, ஒன்னைய அனுப்பல. வாரம் நூத்தி இருவது ரூவா. நட்டு தனியா போல்ட்டு தனியா சைஸ் வாரியா பிரிச்சு போடுற வேலை. கரண்ட் போன ஒரு ராத்திரி தங்கச்சிக்கு வெளையாட்டு காமிச்ச, கண்ண மூடிக்கிட்டு வெரலால தடவியே இது கால் இஞ்ச், இது அஞ்சு பதினாறுன்னு சொன்ன, எல்லாம் கரெக்டா இருந்துச்சு, அப்பா கை தட்டுனாரு. நான் ஒன் நகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன், எண்ணெய் ஏறி கருப்பா.

தீபாவளி முடிஞ்ச மறுநாளு அப்பா சொன்னாரு, போதும், ஹெட்மாஸ்டர்ட்ட பேசிட்டேன், பையன் திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறான்னு. நான் அடுப்படில இருந்து சொன்னேன், "பொங்கல் வரைக்கும் போகட்டுமேங்க." நீ ஹால்ல சாப்ட்டுக்கிட்டு இருந்த. கரண்டி சத்தம் நின்னுச்சு. அப்பறம் திரும்ப கேட்டுச்சு.

அன்னைக்கி மளிகைக் கடைல மட்டும் நானூறு ரூவாக்கு மேல பாக்கி இருந்துச்சு. ஆனா ஒன்கிட்ட இத நியாயமா சொல்லல, நடந்தத சொல்றேன்.

டிக்கன்ஸ் அம்மாவ விட்டுடல, கடைசி வரைக்கும் பணம் குடுத்துப் பாத்துக்கிட்டாரு. வயசாகி புத்தி தடுமாறுனப்ப இவர் போயி பாத்தா, கண்ணு பளிச்சுன்னு ஆகி ஒரு பவுண்டு குடுன்னு கேப்பாங்களாம். 1863ல எறந்து போனாங்க. பெரிய மனுஷன்தான், ஆனா அவரும் தன் புள்ளைங்கள விட்டாரா? வால்டர்னு ஒரு மகன், பதினாறு வயசுல பட்டாளத்துல சேத்து இந்தியாவுக்கு கப்பல் ஏத்துனாரு, 1857ல, கலவரம் நடந்துக்கிட்டு இருந்த வருஷம். அந்தப் பையன் திரும்பவே இல்ல, 1863 டிசம்பர் கடைசி நாளு கல்கத்தால செத்துப் போனான், அவனுக்கும் கடன். சேதி அவருக்கு வந்து சேந்தது அவரோட பொறந்தநாள் அன்னைக்கி. கடைசி மகன் ப்ளோர்னையும் பதினாறு வயசுல ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புனாரு, 1868ல, ஸ்டேஷன்ல நின்னு அழுதாரு. போறப்ப குடுத்த லெட்டர்ல, ஒன்னப் பிரியறது நெஞ்சு வலிக்குது, வாழ்க்கைல பாதி பிரிவுதான், தாங்கித்தான் ஆகணும்னு எழுதிருக்காரு. அந்தப் பையனும் அப்பறம் அப்பாவ பாக்கவே இல்ல, ரெண்டு வருஷத்துல அவரு போயிட்டாரு. தனக்கு நடந்தத தெரிஞ்சவரே இப்படி. நான் அவர கொற சொல்லல, அந்த எடத்துல நின்னு பாத்தவளாச்சே.

நான் சொல்ல வந்தது ஒரு வரி. அந்தக் குறிப்புல அவர் எழுதுறாரு, அன்னைக்கிலேர்ந்து இன்னைக்கி வரைக்கும் அப்பாவும் அம்மாவும் இந்த விஷயத்துல ஊமையாயிட்டாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் வாய்லேர்ந்தும் ஒரு வார்த்த நான் கேட்டதில்லன்னு. அவரும் வெளிய சொல்லல, ஃபார்ஸ்டர் ஒருத்தர நம்பித்தான் சொன்னாரு, டிக்கன்ஸ் செத்தப்பறம்தான் ஊருக்கே தெரிஞ்சுது.

நம்ம வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. அப்பா போயிட்டாரு, அவர்கிட்ட நீ பேசிருந்தா எனக்குத் தெரியாது. நான் பேசல. நீ ஒண்ணாந்தேதி ஆனா பணம் அனுப்புற, மாத்திர வாங்குனியான்னு கேக்குற, அங்க மழைன்னு சொல்ற. ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ கேட்டிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன், அது வேற.

அடுப்படில இருந்து நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.

லீவு நாள்ல முடிஞ்சா அந்தச் சந்துக்குப் போ. கேட்டு இருக்குமாம், உள்ள போயி சுவர ஒட்டி நில்லு. போட்டோவெல்லாம் வேணாம். இதுக்கு பதில் எழுதணும்னு கட்டாயம் இல்ல. எழுதுனா எழுத்துலயே எழுது, ஃபோன்ல ஆரம்பிச்சுடாத, பக்கத்துல ஒன் தங்கச்சி இருப்பா.

பருப்புப்பொடி பார்சல் வெள்ளிக்கெழம போட்டாச்சு. இந்த தடவ பூண்டு கம்மி.

அம்மா