செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றித்தான் நடந்தன: பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற நடந்த அமெரிக்கப் புரட்சிப் போர் (1775–83) வீரர்களின் பென்ஷன் கோப்புகள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சுமார் 80,000 கோப்புகளும் 2,670 மைக்ரோஃபிலிம் சுருள்களாகப் பதிவாகி, இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றியதில் அதற்கு முந்தைய விண்ணப்பங்கள் அழிந்துபோயின. இது தெரியாமல் தொடக்கத்தில் நம்மில் சிலர் வீணாக அலைந்தோம்.

1818 சட்டப்படி ஏழ்மையில் வாடிய வீரருக்குத்தான் பென்ஷன். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். 1820இல் சொத்துப் பட்டியலும் கேட்டார்கள். மெய்ன் மாநிலத்து ஜோசப் பிளம்ப் மார்ட்டின் காட்டிய பட்டியலில் இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. போர் முடியும்வரை படையில் இருந்த மனிதர்! அதை வாசித்தபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

1832 சட்டம் ஏழ்மை நிபந்தனையை எடுத்துவிட்டது. அப்புறம்தான் கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று, எந்த அதிகாரியின் கீழ் எங்கே போரிட்டோம் என்று நினைவிலிருந்து சொன்ன நீண்ட வாக்குமூலங்கள் வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தவை, கணவரின் சேவைக்காகப் பென்ஷன் கேட்ட விதவைகளின் கோப்புகள். திருமணத்தை நிரூபிக்க வேறு வழியில்லாமல் குடும்ப பைபிளின் தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் பிறந்த நாட்கள் அதில் வரிசையாக இருக்கும். நம் உறுப்பினர் ஒருவர், ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த இருவரில் தவறானவரைப் பல மாதம் பின்தொடர்ந்தார். கடைசியில் மனைவி பெயர்தான் காட்டிக்கொடுத்தது.

ஒரு வேண்டுகோள். நிராகரிக்கப்பட்டது என்று குறியிட்ட கோப்புகளைத் தள்ளிவிடாதீர்கள். அவற்றிலும் அதே வாக்குமூலம், அதே சாட்சிகள். ரோட் ஐலண்டில் அடிமையாக இருந்த ஜெஹு கிராண்ட், எஜமானிடமிருந்து தப்பிவந்து அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். 1832இல் விண்ணப்பித்தார். ஓடிவந்த அடிமையின் சேவை செல்லாது என்று மறுத்துவிட்டார்கள். அவர் கதை நமக்குக் கிடைத்ததே அந்தக் கோப்பினால்தான்.

வரும் ஆண்டில், அமெரிக்கா பிரிட்டனுடன் மீண்டும் மோதிய 1812 போரின் பென்ஷன் கோப்புகளைத் தொடங்கலாம். அவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பழைய குடும்ப பைபிள் இருப்பவர்கள் முதல் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்