பி.டி. பீரியடும், சிகிச்சை முடிந்து வந்த பிள்ளைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மறுபடியும் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். யார் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் துருவிக் கேட்க வேண்டாம். ஆனால் இந்தக் கடிதம் எல்லோருக்கும்தான்.

பி.டி. பீரியடில் வகுப்பே கோகோ ஆடிக்கொண்டிருக்கும். இப்படிச் சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை மட்டும் மற்றவர்களின் வாட்ச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும். கேட்டால், "ஓடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க சார்" என்று பதில் வரும். இரண்டு, மூன்று வருடம் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்து மீட்டு வந்த பிள்ளை. அம்மாவுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும், உட்கார வைத்துவிட்டால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது ரத்தப் புற்றுநோய். அதற்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் போன்ற மருந்துகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ட்ரிப்ஸில் சிவப்பாக ஏறும். உயிரைக் காப்பாற்றும் மருந்துதான். ஆனால் இதயத் தசையையும் அது தொட்டுவிடலாம். இதயத் தசையில் செல்கள் அழிந்தால் புதிதாக உருவாவது மிகக் குறைவு. பிள்ளை வளர வளர, மிச்சமிருக்கும் தசையே பெரிய உடம்புக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் சிகிச்சை முடிந்து பத்து, இருபது வருடம் கழித்துக்கூட இதயம் பலவீனப்படலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராம் டாக்ஸோரூபிசினோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் ஆபத்து அதிகம். நெஞ்சுப் பகுதிக்குக் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பின்னாளில் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் ஆபத்து பல மடங்காகிவிடும்.

உடற்பயிற்சி கைகொடுப்பது இங்கேதான். எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அது கட்டுக்குள் வைக்கும். இதயத்துக்குத் தெம்பும் கூடும். சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. பெரியவர்களான பிறகு நன்றாக மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. பயிற்சி மட்டுமே காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளையை மரத்தடியில் உட்கார வைப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

அதற்காக முதல் நாளே நூறு மீட்டர் ஓட்டத்தில் நிறுத்திவிட மாட்டோம். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து போட்ட சில பிள்ளைகளுக்குக் கால் நரம்பு தளர்ந்து, நடக்கும்போது பாதம் தொங்கும், விரல் தரையில் இடறும். ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனமாக்கும். எனவே நடை, பந்து பிடிப்பது என்று தொடங்கி, மெதுவாக ஓட்டத்துக்கு வரலாம் என்று பி.இ.டி. சாரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு உங்களுக்கு போன் செய்வோம். வெயில் ஏறிய பிறகு யாரையும் ஓட விடுவதில்லை.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களே, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேளுங்கள்: அந்தச் சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது? நெஞ்சில் கதிர்வீச்சு உண்டா? அடுத்த எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) எப்போது? எந்த விளையாட்டு வேண்டாம்? அதிக எடை தூக்குவது, கபடியில் முட்டி மோதுவது பற்றித் தனியாகக் கேளுங்கள். பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்தால் போதும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பாதிப்பு பல வருடம் வெளியே தெரியாமலேயே இருக்கும்.

மற்ற பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம், விளையாடலாம். "பாவம்" என்று ஒதுக்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி வீட்டில் சொல்லுங்கள்.

அப்புறம், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கும் வழக்கம் இந்த ஆண்டு கிடையாது, பத்தாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் பி.இ.டி. சாரும் நானும் அலுவலக அறையில் இருப்போம். தனியாகப் பேசலாம். வரும்போது ஆஸ்பத்திரி ஃபைலையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்