வாசிப்பறைக் கூரைப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமாக நம் முன்னாள் மாணவர்கள் பயன்படுத்திவரும் பழைய வாசிப்பறையின் கூரைப் பணி முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட நினைத்தோம், முடியவில்லை. தை பிறந்த பிறகுதான் மறுபடி கைவைக்க முடிந்தது. பொறுமையாகக் காத்திருந்த எல்லோருக்கும் குழுவின் நன்றி.

சின்ன அறைக்கு ஏன் இத்தனை மாதம், சிமென்ட் போட்டு மூடியிருக்கலாமே என்று பலர் கேட்டீர்கள். அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஒப்பந்ததாரர் மேல்தளம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் உள்சுவரில் உப்புப் பூத்து, அலமாரிக்குப் பின்னால் காரை பொருபொருவென்று உதிர ஆரம்பித்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அந்த வழியைச் சிமென்ட் அடைத்துவிட்டது. உள்ளே தேங்கிய ஈரத்தில் தேக்கு உத்திரம் ஒன்றின் முனை கறையானுக்கு இரையாகிவிட்டது.

நம் அறையின் கூரை மெட்ராஸ் டெரஸ் வகை என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் அடுக்கு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதனால் சிமென்ட் பூச்சையும் கெட்டுப்போன ஜல்லியையும் மட்டும் எடுத்தோம். அரித்த உத்திரத்தை முழுதாக மாற்றவில்லை. நல்ல பாகத்தை விட்டுவிட்டு, பழைய வீடு ஒன்றை இடித்த இடத்தில் வாங்கிய தேக்குத் துண்டை முனையில் ஒட்டுச் சேர்த்தோம்.

சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரம் ஊறவைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஜல்லியை மரக்கட்டையால் அடித்தார்கள். முதல் நாள் சத்தம் சொதசொதவென்று இருந்தது. நான்காம் நாள் மத்தியானம் கட்டை தானாகத் துள்ளி எழும்பியது, ஓசையும் கணீரென்று மாறியது. “சரி, இறுகிடுச்சு” என்றார் தலைமைக் கொத்தனார். அதற்குமுன் “போதுமா?” என்று நாங்கள் இரண்டு தடவை கேட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

இந்த முறையை நாங்கள் வீம்புக்காகப் பிடிக்கவில்லை. வளாகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே காரணம் தெரியும். ராபர்ட் சிஸம் வடிவமைத்த செனட் இல்லம் 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. செங்கலும் சுண்ணாம்பும்தான் அதன் உடம்பு. 1937 தேர்தலுக்குப் பின் அமைந்த மாகாணச் சட்டப்பேரவை முதலில் கூடியது அந்த மண்டபத்தில்தான். பிறகு பல காலம் பாழடைந்து கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டித்தான் சீரானது. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழும் நேரத்தில் ஒருமுறை உள்ளே போய் நின்று பாருங்கள். பக்கத்தில் 1768-ல் எழும்பிய சேப்பாக்கம் அரண்மனை. அதன் கலச மகால் 2012 தீயில் கூரை இழந்தபோது, பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு முடிந்தது நம் அறைக்கு முடியாதா என்றுதான் நாங்களும் துணிந்தோம்.

மணிக்கூண்டோடு நிற்கும் நூலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1924-ல் நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன் காலத்தில்தான், 1936-ல், நூலகம் அந்தக் கட்டடத்துக்குக் குடியேறியது. நூலகம் வளரும் உயிர் என்று அவர் வகுத்த விதியைப் படித்தவர்கள் நம்மில் பலர். அந்த நினைவில்தான் நம் அறையின் அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம், புத்தகத்துக்குக் காற்று வேண்டும்.

புதுக் கட்டடங்கள் தாமே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். 1957-ல் நூறு வயது கண்ட பல்கலைக்கழகம் அதன் நினைவாகக் கட்டிய நூற்றாண்டு விழா மண்டபமும், அப்புறம் எழுந்த மாடிக் கட்டடங்களும் கான்கிரீட். சாலைக்கு அந்தப் பக்கம்தான் கடல் இருக்கிறது. உப்புக்காற்று உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து சில்லுசில்லாகப் பெயரும். நம் அறைக்குப் பின்னால் 1980-களில் சேர்த்த கழிப்பறையில் அது தொடங்கிவிட்டது. துருவைச் சுரண்டிப் பூசியிருக்கிறோம், ஆனால் அது தற்காலிகம்தான். அதற்கு மேல் செய்ய நிதி போதவில்லை.

மின்கம்பி மாற்றம், ஜன்னல் கொக்கிகள், வெளிச்சுவர் வெள்ளையடிப்பு ஆகியவையும் முடிந்தன. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் வாசிப்பறையில் கோப்பாக இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

இனி ஒரே வேண்டுகோள். மொட்டைமாடி ஓரத்தில் அரசங்கன்று முளைத்தால் இரண்டு இலை விட்டபோதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். தூம்பில் இலை அடைக்காமல் பார்க்க ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் மாடியேற வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சித்திரை மாதத்துச் சனிக்கிழமைகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது, வைகாசி காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பணிக்குழு